குருதியின்றி மன்னிப்பு: கிறித்தவப் பலிக் கோட்பாடும் நனிசைவ வாசிப்பும்

முன்னுரை

கிறித்தவ மரபில் மன்னிப்பு என்னும் கருத்து பெரிதும் குருதியோடு பிணைத்தே விளக்கப்பட்டு வந்துள்ளது. அதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 9:22. குருதி சிந்துதல் இன்றேல் மன்னிப்பு இல்லை என்பது அவ்வசனத்தின் பிற்பகுதி தரும் பொருள். உணவிலும் உடையிலும் பிற துய்ப்பிலும் விலங்கினைத் துன்புறுத்தாமையை அறமாகக் கொண்ட நனிசைவ நெறியினர்க்கு இக்கூற்று இறையியல் நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மன்னிப்பின் அடித்தளமே ஒரு கொலையாயின், கொல்லாமையை ஏற்ற கிறித்தவர் அம்மன்னிப்பை எங்ஙனம் ஏற்பது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விவிலியத்தின் உள்ளிருந்தே விடை காண இயலுமா என்பதையும், அவ்விடையின் எல்லை யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மாவினால் ஒரு பாவநிவாரணம்

மேற்குறித்த வசனத்தின் முற்பகுதி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. திருச்சட்டத்தின்படி 'ஏறத்தாழ' எல்லாம் குருதியால் தூய்மை பெறும் என்றே அது தொடங்குகின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'கொஞ்சங்குறைய' என்னும் சொல்லை ஆள்கின்றது. அக்குறை எங்குள்ளது என்பதற்கு லேவியராகமம் 5:11-13 விடை தருகின்றது. ஆட்டுக்கு வழியற்றவன் இரு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியற்றவன் ஓர் எப்பாவில் பத்திலொரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம். அதன்மேல் எண்ணெய் வார்த்தலும் தூபவர்க்கம் இடுதலும் கூடா. ஆசாரியன் ஒரு கைப்பிடி மாவைப் பலிபீடத்தில் எரிக்க, அவன் பாவம் மன்னிக்கப்படும்.

பிற தகனபலிகளின் மேலேயே இம்மாவு எரிக்கப்படுவதால் அவற்றின் குருதியே இதற்கும் ஆற்றல் தருகின்றது என்று மறுப்போர் உளர். அம்மறுப்பு ஓரளவு பொருந்தும். பலிபீடம் குருதி படிந்த இடமே. ஆயினும் வறியவனின் பொருட்டு எவ்வுயிரும் கொல்லப்படவில்லை என்பதும், மன்னிப்பு அவனுக்குக் குறைவின்றிக் கிடைத்தது என்பதும் மறுக்கவியலாதவை. வறுமைக்காக இளக்கப்பட்ட விதியொன்று, கொலை மன்னிப்பின் இன்றியமையா உறுப்பன்று என்பதைப் புலப்படுத்துகின்றது. இன்றியமையாததாயின் அதனை வறியவனுக்கும் தளர்த்தியிருக்க இயலாது.

'பலி' என்னும் தமிழ்ச்சொல்

விவிலிய மொழிபெயர்ப்பாளர் இவ்வழிபாட்டுப் படையல்கள் அனைத்தையும் 'பலி' என்னும் ஒரே சொல்லின்கீழ்க் கொணர்ந்தனர். சர்வாங்க தகனபலி, பாவநிவாரணபலி என்பவற்றோடு மாவினாலாகிய காணிக்கையும் போஜனபலி எனப்பட்டது. தமிழ் மரபில் இச்சொல்லின் பரப்பு பெரிது. திருமுருகாற்றுப்படையில் வரும் வெறியாட்டுக் களத்தில் ஆட்டுக் குருதி கலந்த அரிசியும் பலியே. சைவத் திருமுறைகளில் இறைவன் மனைதோறும் சென்று ஏற்கும் பிச்சையும் பலியே. எனவே 'பலி' என்றவுடன் குருதியை மட்டும் எண்ணுவது பிற்கால வழக்கின் குறுக்கம். லேவியராகமத்தின் மாவும் ஒரு பலி என்பது தமிழ் வாசகர்க்கு இயல்பாகவே விளங்கத்தக்கது.

இறைவாக்கினரும் இயேசுவும்

பலியை அன்று, இரக்கத்தையே இறைவன் விரும்புகிறான் என்னும் ஓசேயா 6:6 இன் கருத்தை மத்தேயு நற்செய்தி 9:13, 12:7 என ஈரிடங்களில் இயேசுவின் வாய்மொழியாகத் தருகின்றது. யோனாவின் நூலில் நினிவே மாநகர் நோன்பினாலும் மனமாற்றத்தினாலும் அழிவினின்று தப்புகின்றது. அந்நோன்பில் மாடுகளும் ஆடுகளும் பங்கு கொள்கின்றன. நூலின் இறுதிச் சொற்கள் இறைவனின் பரிவுக்குரியனவாக அவ்விலங்குகளையும் சேர்த்தே கூறுகின்றன. மாற்கு 2:5 இல் முடக்குவாதக்காரன் பலியின்றியே மன்னிப்புப் பெறுகின்றான். இயேசு கற்பித்த மன்றாட்டில் இறைவனின் மன்னிப்போடு இணைத்துக் கூறப்படுவது மனிதர் பிறர்க்கு அளிக்கும் மன்னிப்பே.

இச்சான்றுகளைக் கொண்டு, யூதம் குருதியின் சமயம், கிறித்தவம் அருளின் சமயம் எனப் பிரித்துரைப்பது பிழை. ஓசேயா யூத இறைவாக்கினர். கி.பி. 70 இல் எருசலேம் கோயில் அழிந்தபின், இரக்கச் செயல்களே பாவநிவாரணமாகும் என்று யோகனான் பென் சக்காய் அதே ஓசேயா வசனத்தைச் சுட்டி ஆறுதல் கூறியதாக யூத மரபு உரைக்கின்றது.

நனிசைவ வாசிப்பின் எல்லை

ஊதாரி மைந்தன் உவமையில் (லூக்கா 15) தந்தை ஓடிச்சென்று மகனைத் தழுவுகின்றான். கொழுத்த கன்று அதன்பின்னரே அடிக்கப்படுகின்றது. ஆகவே கன்றின் குருதி மன்னிப்பைப் பெற்றுத் தரவில்லை. ஆனால் மன்னிப்பின் மகிழ்ச்சி ஒரு கன்றின் சாவாக முடிந்தது என்பதும் உண்மை. உயிர்த்த இயேசு மீன் உண்டதாக லூக்கா 24 கூறுகின்றது. இவற்றை மறைத்து விவிலியத்தை நனிசைவ நூலாகக் காட்டுதல் நேர்மையான திறனாய்வாகாது.

சிலுவைச் சாவும் எஞ்சி நிற்கின்றது. காளை, வெள்ளாடுகளின் குருதி பாவத்தைப் போக்க இயலாது என்று எபிரெயர் நிருபமே 10:4 இல் கூறி, கிறிஸ்துவின் சாவோடு பலிகளை முடித்து வைக்கின்றது. அச்சாவை விளக்குவதிலும் கிறித்தவம் ஒருமுகப்பட்டதன்று. 1098 இல் நிறைவுற்ற நூலில் ஆன்செலம் அதனை இறைவனின் மாண்புக்குச் செய்யப்பட்ட ஈடாகக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் அபெலார்டு, மனித உள்ளத்தில் அன்பை எழுப்பும் செயலாகக் கண்டார். பின்னதன் வழி நோக்கின், சிலுவை இறைவன் கேட்ட கொலையன்று. மனிதர் செய்த கொலைக்கு இறைவன் மன்னிப்பால் தந்த விடை.

தமிழ்ச் சூழலில் இவ்வினா

பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854 இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்தில், மிஷனரிமார் இகழ்ந்த சடங்குகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதத்திலேயே உள்ளன என்று நிறுவினார். அவ்வாதம் விவிலியத்தின் பலிபீடத்தைத் தமிழ் வாசகர் முன் நிறுத்தியது. ஆயிரம் வேள்வியினும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்னும் குறட்கருத்தில் தோய்ந்த வாசகர்க்கு அப்பீடம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பது உய்த்துணரத்தக்கது. புலால் உண்ணாமைக்குத் தமிழில் 'சைவம்' என்றே பெயர் வழங்குவதால், அதனைக் கைக்கொள்ளும் கிறித்தவர் இன்றும் பிறிதொரு சமயத்தின் பெயராலேயே தம் உணவைச் சுட்ட நேர்கின்றது.

முடிவுரை

விவிலியம் கொல்லாமையை உணவுநெறியாக விதிக்கவில்லை. ஆயினும் மன்னிப்புக்குக் கொலை வேண்டும் என்றும் அது முற்றாக விதிக்கவில்லை. கிறித்தவரின் திருவிருந்திலும் குருதி என்னும் சொல் உண்டு. மேடைமேல் இருப்பவையோ கோதுமை அப்பமும் திராட்சை இரசமுமே. கைப்பிடி மாவோடு வந்த வறியவன் நின்ற அவ்விடத்தில் நனிசைவக் கிறித்தவரும் நிற்க விவிலியம் இடந்தருகின்றது.