மெதக் ஜன்னலில் சிலுவைப்பாடு: எப்படி ரசிப்பது?

ஹைதராபாத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் உள்ள மெதக் பேராலயத்தில் இயேசுவின் பாடுகளை ஜன்னலில்தான் பார்க்க வேண்டும். மெதடிஸ்ட் ஊழியர் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் எழுப்பிய இந்த ஆலயம் 1924 கிறிஸ்துமஸ் அன்று திறக்கப்பட்டது. இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. இதன் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மூன்றும் ஆங்கில ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரியின் வடிவமைப்பு: பரமேறுதல் 1927, பிறப்பு 1947, சிலுவைப்பாடு 1958.

பகலில் போவது முக்கியம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் கண்ணாடியில் உருவம் எழும். இருட்டிய பின் உள்ளே நிற்பவருக்கு அது வெறும் கறுப்புப் பலகை. துணியில் தைலவண்ணம் தீட்டுபவர் நிழலை அடர்த்தியாக்கி வலியைக் காட்டிவிடலாம். கண்ணாடியிலோ காயப்பட்ட உடலே ஒளியை உள்ளே விடுகிறது. ஆகவே வேதனையை நிழலில் தேடாமல், உடல் நிற்கும் வாகில் தேட வேண்டும்.

எந்தச் சிலுவைக் காட்சியிலும் முதலில் பார்க்க வேண்டியவை தலையும் கைகளும். 12ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிலுவைகளில் கண்கள் திறந்திருக்கும், கைகள் நேராக நீண்டிருக்கும்; தொங்குபவர் சாவை வென்றவர். அடுத்த நூற்றாண்டில் தலை சாய்கிறது, கண் மூடுகிறது, உடல் வளைந்து தொய்கிறது. நான்கு ஆணிகள் இருந்த இடத்தில், பாதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூன்று ஆணிகள் அடிக்கும் வழக்கமும் அப்போதுதான் பரவியது. பிறகு சுற்றியுள்ளவர்கள்: பெரும்பாலும் நமக்கு இடப்புறம் மரியாள், வலப்புறம் யோவான். சிலுவையடியில் மண்டையோடு இருந்தால் அது ஆதாமுடையது என்பது மரபு.

எவ்வளவு வலியைக் காட்டுவது என்பது யாருக்காக வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஓவியர் குரூனேவால்ட் 1512–16இல் ஈசன்ஹைம் மடத்தின் பீடத்துக்கு வரைந்த இயேசுவின் தோலெங்கும் புண்கள், விரல்கள் விறைத்து விரிந்தவை. அந்த மடத்தில் சிகிச்சை பெற்றவர்கள் உடலையே அழுகச் செய்யும் ‘அந்தோணியார் நெருப்பு’ நோயாளிகள்; தங்கள் புண்ணையே அவர்கள் பீடத்தில் கண்டார்கள். கோவாவில் பிறந்து கத்தோலிக்கராக வளர்ந்த ஓவியர் எஃப்.என். சூசாவின் 1959ஆம் ஆண்டு ‘சிலுவையேற்றம்’, இப்போது லண்டன் டேட் கலைக்கூடச் சேகரிப்பில் உள்ளது. அதில் இயேசு கறுத்து, முள்முள்ளாய் நிற்கிறார். பரிதாபம் காட்ட வருபவரைக் கிட்ட அண்டவிடாத உருவம்.

சாலிஸ்பரியிடம் இந்த மூர்க்கத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. மன்னர்களின் உருவப்படங்களும் அரச விழாக் காட்சிகளும் வரைந்து பெயர் பெற்றவர் அவர். அந்த மரபில் துன்பத்துக்கும் ஒரு கண்ணியம் உண்டு. அது பலவீனமா பலமா என்பதை ஒரே ஜன்னலை வைத்து முடிவு செய்ய முடியாது. சிலுவைப்பாட்டைப் பார்த்த கையோடு பீடத்துக்கு மேலுள்ள பரமேறுதல் ஜன்னலையும் பார்ப்பது நல்லது. உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணித் தழும்புகள் மறைவதில்லை என்பது திருச்சபையின் நம்பிக்கை. அந்த ஜன்னலில் கண் முதலில் போக வேண்டிய இடம் கைகளும் பாதங்களும்.