எழுதும் யந்திரமும் நிறுத்துப் பார்க்கும் வாசகனும்

பல்கலைக்கழக மாணவனுக்கு இனி வேண்டிய திறன்கள் யாவை என்ற வினா இன்று கருத்தரங்கு மேடைகள் தோறும் எழுப்பப்படுகின்றது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததன் பின்னர் அவ்வினாவில் அவசரமும் அச்சமும் கலந்துவிட்டன. கட்டுரை எழுதவும் நூலைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் யந்திரம் இருக்கையில், அதனிடம் கேட்கக் கற்பதே புதிய கல்வி என்கின்றனர் ஒரு சாரார். அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதே கல்வியைக் காக்கும் வழி என்கின்றனர் மறு சாரார். யந்திரம் தருவது சரியா, பிழையா என்று சொல்லும் ஆற்றல் யாரிடம் இருக்கப்போகிறது? இவ்விரு சாராரும் கேளாது விட்ட கேள்வி இது.

பொதுப்பட ஆராய்வதிலும் ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வது தெளிவு தரும். மலையக இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் தமிழ்ச் சிறுகதைகளை மதிப்பிடுமாறு ஆசிரியர் கேட்கிறார். மாணவன் யந்திரத்தைக் கேட்கிறான். சில விநாடிகளில் கட்டுரை வந்துவிடுகிறது. துயரம், சுரண்டல், மண்வாசனை, யதார்த்தம் ஆகிய சொற்கள் யாவும் உரிய இடங்களில் அமர்ந்திருக்கின்றன. எந்தக் கதையையும் வாசியாத ஒருவர் எழுதக்கூடிய கட்டுரை அது. இத்தகையவை எமது மேசைக்கும் வருகின்றன. எனினும் நீதி கருதி ஒன்றைச் சொல்லவேண்டும். யந்திரம் வருமுன்னரே இக்கட்டுரை நம்மிடையே இருந்தது. வினாவிடை நூல்களும் தனியார் வகுப்புக் குறிப்புகளும் அதனையே தந்தன. பரீட்சை அதற்கே புள்ளி வழங்கியது. பழைய நோயையே யந்திரம் மலிவாகவும் விரைவாகவும் தருகின்றது.

இந்த யந்திரம் ஏராளமான எழுத்தைப் பயின்று, ஒரு சொல்லையடுத்து எச்சொல் வரத்தகும் எனக் கணித்து வாக்கியம் அமைப்பது. எழுத்து மிகுந்த துறையில் அக்கணிப்புப் பெரும்பாலும் பொருந்தும். எழுத்து அருகிய துறையிலோ, அறியேன் என்று அது அடங்கிவிடுவது அரிது. பொதுவான சொற்களால் இடைவெளியை நிரப்பும். இல்லாத நூலுக்கும் பெயர் சூட்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இணையத்தில் எளிதிற் கிடைக்கும் கதை. அதனைப் பற்றி எழுதப்பட்டவையும் பல. இலங்கைத் தோட்டங்களைக் காணாமலே கேள்வியறிவு கொண்டு அவர் எழுதிய அக்கதையின் அறச்சீற்றம் பெரிது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகத்துக்குள்ளிருந்தே பிறந்தது. அதனைப் பற்றிய எழுத்துக் குறைவு. கடலுக்கு அப்பாலிருந்து எழுதியவனின் பார்வையும் மலையில் நின்று எழுதியவனின் பார்வையும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று காண்பதே விமர்சகன் வேலை. எழுத்து மிகுந்த பக்கம் சாயும் யந்திரம் அவ்வேறுபாட்டை மழுங்கச் செய்கிறது.

சொல்லளவிலும் இதே நிலைமைதான். எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்பது செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலை. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப் பேர்' விழும். அகராதித் தமிழை மட்டும் பயின்ற மொழிபெயர்ப்பு யந்திரம் இதனைப் பெயர் என்றோ ஆள் என்றோ கொள்ளக்கூடும். ஒரு பெண்ணின் அரைநாட் கூலி போன செய்தி அந்த ஒரு சொல்லோடு மறைந்துவிடும்.

ஆகவே மாணவனுக்கு வேண்டிய திறன்கள் மூன்றெனக் கூறலாம். முதலாவது, மூலத்தைத் தேடிச் செல்லும் பழக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருந்தொகையாக உள்ளன. ஆயின் எந்தச் சஞ்சிகை, எந்த ஆண்டு என்று அறிந்தவனே அவற்றுள் வேண்டியதைக் காண்பான்.

இரண்டாவது, பன்மொழிப் பயிற்சி. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். துரைமார் ஆண்ட காலத்து ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. இன்றைய அரச அலுவல்களிற் சிங்களமின்றிப் பல கதவுகள் திறவா. மொழிபெயர்ப்பு யந்திரம் இங்கே நல்ல துணை. ஆனால் அதன் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கேனும் மாணவன் அம்மொழிகளை அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, பதிவுசெய்யும் முயற்சி. சி. வி. தொழிலாளர் நாவிலிருந்த நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். லயத்திலுள்ள பாட்டியின் குரலும் அவள் வழங்கும் சொல்லும் ஆவணமாகும். உழைப்பவர் பக்கம் நின்று கையாளும்போது தொழில்நுட்பம் முற்போக்குச் சக்தியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இத்திறன்கள் வேலைக்கமர்த்துவோர் பட்டியலிடும் திறன்களிலிருந்து வேறுபட்டவை. அவர்கள் கேட்பது விரைவு. நாம் கேட்பது மதிப்பிடும் ஆற்றல். இது வெறும் இலக்கியக் கவலை அன்று. கொழுந்தை நிறுத்து, எழுத்தறியாத பெண்ணின் பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை எழுதிய எண்ணை எதிர்த்துக் கேட்க அவளிடம் ஆதாரம் இருக்கவில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அவ்வளவு தாமதமாகக் கிடைத்த எழுத்தறிவின் முதற்பயன் பிறர் எழுதிய கணக்கை வாசித்துக் கேள்வி கேட்பதே. இன்று தோட்டங்களில் மின்னியல் தராசு வந்திருக்கிறது. அது காட்டும் நிறையிலிருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எவ்வளவு என்பதை இன்னமும் மனிதரே தீர்மானிக்கின்றனர். எழுதும் யந்திரத்துக்குப் பின்னாலும் அதை உடைமையாகக் கொண்ட பெருநிறுவனங்கள் இருக்கின்றன.

2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில், அலைவரிசை கிடைக்கும் மேடு தேடி ஏறிய மாணவரை இந்நாடு கண்டது. அவர்களுட் சிலர் இன்று பேராதனையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். அவர்களுக்கு யந்திரத்தை மறுப்பது அநீதி. மூல நூலும், ஆங்கிலமும், சிங்களமும், வினவும் துணிவும் கொடாமல் யந்திரத்தை மட்டும் கொடுப்பதும் அநீதியே. ஆசிரிய நண்பர்கள் இந்தத் தவணையிலேயே ஒரு மாற்றத்தைத் தொடங்கலாம். யந்திரம் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் வாசியுங்கள். அதனருகே மூலக்கதையையும் வையுங்கள். எந்த வாக்கியம் கதையில் வேரூன்றியது, எது வெறும் ஓசை என்று மாணவரைக் கோடிடச் சொல்லுங்கள். அக்கோட்டுக்குப் புள்ளி வழங்குங்கள்.