சிரட்டையும் சுவையும்

யாழ்ப்பாணத்து உணவைப் பற்றிய எழுத்துக்கள் அண்மைக் காலத்திலே பெருகியுள்ளன. ஒடியற்கூழின் உறைப்பும் நண்டுக்கறியின் மணமும் அவற்றில் நுணுக்கமாக விவரிக்கப்படுகின்றன. எந்தக் கடையில் அமர்ந்து உண்ணலாம், எங்கிருந்து பார்சல் எடுக்கலாம் என்று வழிகாட்டுவோரும் உளர். உணவைப் பற்றி எழுதுதல் இழிவன்று. நாவின் இன்பம் செல்வர்க்கு மாத்திரமே உரியதென முற்போக்காளர் எவரும் கூறார். எனினும் இவ்வெழுத்துக்களைத் தொடர்ந்து படிப்போருக்கு ஒரு குறை தெளிவாகப் புலப்படும். அவற்றிலே கடை உண்டு; கடையின் வரலாறு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கூழைச் சிரட்டையில் வார்த்துப் பரிமாறுவது இன்று மண்வாசனை எனப் போற்றப்படுகின்றது. சிரட்டை மீது குற்றமில்லை. உழைத்துக் களைத்த குடும்பங்கள் முற்றத்திலே கூடியிருந்து சிரட்டையிலும் பிளாவிலும் கூழ் குடித்தமை உண்மையே. ஆனால் அதே சிரட்டைக்கு எமது தேநீர்க்கடைகளில் வேறொரு வரலாறும் உண்டு. வாங்கில் அமர்ந்தவருக்குக் கிளாசிலே தேநீர் கிடைத்தது. பஞ்சமரென ஒதுக்கப்பட்டவருக்கோ வெளியே சிரட்டையிலும் தகரப்பேணியிலும் போத்தலிலும் ஊற்றப்பட்டது. தேயிலை ஒன்றே; கொடுத்த காசும் காசே. மனிதன் மட்டுமே வேறாக்கப்பட்டான். இன்று நாம் வசதி கருதிப் பார்சல் வாங்குகின்றோம். அன்று ஒருவன் உள்ளே இருக்க உரிமையின்றி வெளியே நின்று வாங்கினான். இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1924ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் சாதி வேறுபாட்டை எதிர்த்துச் சமபந்தி போசனத்தை முன்னெடுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது; கிளாசு கடைக்குள்ளேயே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே கதவைத் திறந்தன. தீண்டாமைக்கு எதிரான அப்போராட்டங்களில் உயிரிழந்தோரும் உளர்.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபோது இவ்வரலாறு இலக்கியமாயிற்று. அந்நாவலிலே கலைநயம் குறைவு, பிரசாரம் மிகுதி என்று கூறுவோர் உளர். அக்கூற்றிலே ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆயினும் ஒரு கோப்பைத் தேநீர் ஏன் போராட்டத்துக்குரிய பொருளாகின்றது என்பதை அது உணர்த்துகின்றது. மெருகேறிய இன்றைய உணவுக் கட்டுரைகள் ஆயிரம் இருந்தும் அதனை உணர்த்துவதில்லை. சுவை என்ற சொல்லை உணவுக்கும் இலக்கியத்துக்கும் பொதுவாக வழங்குபவர் நாம். ஒன்றில் வாழ்க்கையை நீக்கிய இரசனை போலியென்றால் மற்றதிலும் அது போலியே.

பழங்கதையைக் கிளறி விருந்தைக் கெடுப்பதேன் என்று சிலர் வினவுவர். இது பழங்கதை அன்று. கொழும்பிலே உணவுப் பொதியைச் சுமந்துவரும் இளைஞன் கடைவாயிலில் காத்து நிற்கின்றான். பின்னர் வீட்டுப் படலையிலும் காத்து நிற்கின்றான். சாதியின் பெயரால் அன்று நிறுத்தப்பட்டவனும், கூலியின் பெயரால் இன்று நிற்பவனும் ஒருவரல்லர். ஆனால் இருவரையும் காணாமலே உண்ணப் பழகிய கண் ஒன்றுதான்.

எனவே உணவைப் பற்றி எழுதுவோரிடம் நாம் வேண்டுவது சுவையைத் துறத்தல் அன்று. யார் உள்ளே இருந்தார், யார் வெளியே நின்றார், எச்சிற் கோப்பையை யார் கழுவினார் என்பனவற்றையும் எழுதுக. ஒரே வாங்கிலே அருகருகே இருந்து குடிக்கும் தேநீருக்கு ஒரு சுவை உண்டு. அச்சுவைக்கு விலை கொடுத்தவர்களை மறந்து எழுதப்படும் இரசனை, உப்பில்லாப் பண்டமே.