தவணை உரிமையும் நிரந்தரத் தற்காலிகமும்
பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி ஊவாத் தோட்டங்களின் நோக்கிலிருந்து ஒரு விமர்சனம்

தனிமனித சுதந்திரத்துக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் இடையே சமநிலை காணவேண்டும் என்பது, பயங்கரவாத எதிர்ப்புச் சட்டங்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே எடுத்தாளும் வாதமாகும். துலாக்கோலின் ஒரு தட்டிற் சுதந்திரம், மறு தட்டிற் பாதுகாப்பு. முன்னதிற் சிறிது விட்டுக்கொடுத்தாற் பின்னது கூடும் என்பது இதன் உட்கிடை. சுதந்திரத்தை இழப்பவரும் பாதுகாப்பைப் பெறுபவரும் ஒருவரே என்னும் எடுகோளை இவ்வாதம் பேசாமலே ஏற்றுக்கொள்கின்றது. பசறையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இலங்கையின் சட்ட வாசகங்களைப் படிப்போர்க்கு இவ்வெடுகோளின் வலுவின்மை புலனாகும்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரிலே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் தொடர் அடைப்புக்குறிக்குள் இடம்பெற்றுள்ளது. பெயர் இரவல். 1974 இல் பேர்மிங்காம் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும் அதே பெயருடையதே. ஆயின் அங்கு குற்றச்சாட்டின்றித் தடுத்துவைக்கக்கூடிய உச்ச எல்லை ஏழு நாள். இங்கு, மும்மாதத்துக்கொருமுறை அமைச்சர் பிறப்பிக்கும் கட்டளைகளின் வழி, பதினெட்டு மாதம். அவசர மசோதாவாகக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டிருந்தமையால், மக்கள் தீர்ப்பு வேண்டுமா என்பதை மட்டுமே உயர் நீதிமன்றம் ஆராய வேண்டியிருந்தது. யாப்புக்கு முரணா என்னும் பெருவினா கேட்கப்படாமலே கழிந்தது. மூன்றாண்டுக்கெனப் பிறந்த சட்டம், 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தத்தால் நிரந்தரமாயிற்று. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தது. பெயரிலுள்ள ‘தற்காலிகம்’ மட்டும் நாற்பதாண்டுக்கு மேலாக நீங்காது நின்றது.

இதனோடு இணைத்துப் படிக்கவேண்டிய மற்றொரு வாசகம் 1978 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பிலே உள்ளது. பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், நடமாட்டம் ஆகிய சுதந்திரங்களைப் பதினான்காம் உறுப்புரை பிரஜைகளுக்கே உரியனவாக்கிற்று. வேறெந்த நாட்டின் பிரஜையுமல்லாது இலங்கையிற் சட்டபூர்வமாக நிரந்தரமாய் வாழ்ந்துவந்தோர்க்கு, அவ்வுறுப்புரையின் இரண்டாம் பந்தி அவற்றைப் பத்தாண்டு காலத்துக்கு மட்டும் வழங்கிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் அங்கும் 3,00,000 பேர் இங்கும் எனக் கூறுபோடப்பட்டு, இன்னும் முடிவு தெரியாதிருந்த தோட்டத் தொழிலாளரையே இப்பந்தி பெரிதும் சுட்டிற்று. நிரந்தரமாயிருக்கவேண்டிய உரிமை தவணைக்கு வந்தது. தவணைக்கு வந்த அடக்குமுறை நிரந்தரமாயிற்று. இவ்விரண்டும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில், ஒரே பாராளுமன்றத்தில் நிகழ்ந்தவை. மலையகத்தின் மிகப் பெரிய தொழிற்சங்கத்தின் தலைவரான செளமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இருந்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சந்தேகம் என்பது செயலைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். தோட்டப்புறத்திலோ அது கடதாசியைப் பற்றியதாயிற்று. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செல்லும் பெருவீதி மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியிற் சென்று முடிகின்றது. மலையையும் கிழக்கையும் இணைக்கும் இவ்வீதியிற் பயணஞ்செய்யும் தமிழ் இளைஞரிடம் முதலிற் கேட்கப்படுவது அடையாள அட்டை. தேசிய அடையாள அட்டையோ பிரஜைக்கு உரியது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைத் தீர்க்கும்வரை, அட்டை பெற வழியில்லாதவரிடம் அட்டை இல்லாமை சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. அரசு கொடுக்காத கடதாசியை அரசே கேட்டது. தோட்டத் தொழிலாளரின் நடமாட்டம் கடதாசியிலே தங்கியிருந்தமை இதுவே முதன்முறையன்று. 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் கீழ், கடன்தொகை எழுதிய துண்டின்றி ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாறுதல் அரிதாயிருந்தது. நாட்கூலிக் குடும்பத்தில் ஒருவரை மூன்று நாள் தடுத்துவைத்தால் மூன்று ‘பேர்’ போயிற்று. அவரைத் தேடி அலைபவருக்கும் அவ்வளவு போயிற்று. இந்த இழப்பு எந்தத் தட்டிலும் நிறுக்கப்படுவதில்லை.

வாக்குமூலம் பற்றிய பதினாறாம் பிரிவு தனியாக நோக்கத்தக்கது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை. குடியேற்ற ஆட்சி நம்ப மறுத்ததைச் சுதந்திர இலங்கை நம்பிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனக் காட்டும் பொறுப்பு எதிரியினுடையது. கிழக்கைச் சேர்ந்த தமிழர் ஒருவர், தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் இட்ட கைவிரலடையாளத்தின் பேரில் 1995 இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பெற்றார். பின்னர் அது முப்பத்தைந்தாண்டாகக் குறைக்கப்பட்டது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டது. கையொப்பத்துக்குப் பதிலாகக் கைநாட்டு நெடுங்காலம் வழங்கிய தோட்டங்களில், இத்தகைய ஏற்பாட்டின் ஆபத்தை விளக்க வேண்டுவதில்லை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன், பிழை தெரிந்ததும் அரியணையிலே உயிர்விட்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். நமது சட்டத்தின் இருபத்தாறாம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செயற்பட்ட எவர் மீதும் வழக்குத் தொடர முடியாதென முன்கூட்டியே ஆறுதல் கூறிவிடுகின்றது.

பாதுகாப்பு என்பது வெறும் சாட்டு என வாதிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. 2008 சனவரி 16 இல் ஊவா மாகாணத்துப் புத்தலைப் பகுதியில் பஸ் ஒன்று தாக்கப்பட்டு இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். அவர்கள் எளிய கிராமத்தவர். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலே இறந்தோரும் அத்தகையோரே. இவற்றைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதை முற்போக்காளர் சிலர் சொல்லத் தயங்குவது நேர்மையாகாது. எழும் வினா, அவ்வதிகாரம் பெற்றிருந்தபோது அது யாரைக் காத்தது என்பதே.

1983 சூலையிற் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது இச்சட்டம் நடைமுறையில் இருந்தது; மே மாதம் முதல் அவசரகால நிலையும் இருந்தது. அதே வாரம் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் இச்சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டிருந்தோர். பதினேழாண்டு கழித்து, 2000 அக்டோபர் 25 காலையில், பதுளை மாவட்டத்தின் பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைப் பெருங்கூட்டம் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் தமிழ் இளைஞர், சிலர் தாமாகவே சரணடைந்தோர், சிலர் சிறுவர். ஆயுதம் தாங்கிய பொலிசார் அங்கு நின்றனர். கத்தியும் தடியும் நெருப்பும் கொண்டு வந்தோர் அவர்கள் கண்முன்னேயே இருபத்தேழு பேரையேனும் கொன்றனர். 2003 இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 அளவில் அவ்வைவருமே உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டுவிட்டனர். நாட்டின் பாதுகாப்புக்காகச் சுதந்திரத்தை முற்றாக இழந்து அரசின் கையில் இருந்தோர்க்கு அந்த அரசு உயிர்ப்பாதுகாப்பையும் தரவில்லை. தட்டுகள் இரண்டும் ஒரே பக்கத்தில் வெறுமையாயிருந்த நிலைக்குச் சமநிலை என்னும் சொல் எவ்வாறு பொருந்தும்?

இதனை இனப்பிரச்சினையாக மட்டும் வாசித்தலும் குறைபாடுடையது. 1971 ஏப்ரல் 5 காலையில் ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு தொடங்கிய கிளர்ச்சியின் பின், கைதான சிங்கள இளைஞரை விசாரிக்க 1972 இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பொலிசாரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக்கும் வழி அங்கேயே திறக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்த ஐக்கிய முன்னணி அரசில் இடதுசாரிக் கட்சிகள் இரண்டு அமைச்சர் பதவிகளில் இருந்தன. இது இடதுசாரி விமர்சகர் அதிகம் பேச விரும்பாத பொருள்.

பரிகாரம் எங்கேயுள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். அடிப்படை உரிமை மீறலை விசாரிக்கும் அதிகாரத்தை யாப்பின் 126 ஆம் உறுப்புரை கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே கொடுத்தது. மனு ஒரு மாதத்துக்குள் தாக்கலாதல் வேண்டும். பசறைத் தோட்டத்து லயமொன்றில், மகன் எந்த முகாமில் உள்ளான் என்பதை அறியவே ஒரு மாதம் போதாத தாய்க்கு, வழக்கறிஞரும் கொழும்புப் பயணமும் எட்டாதவை. 1996 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணைக் காலம் கணக்கிற் கொள்ளப்படாது என்னும் விதி சிறிதளவு உதவிற்று. பதுளையிலே மேல் நீதிமன்றம் இருக்கின்றது. தடுப்புக் கட்டளை பற்றிய முறைப்பாட்டை அங்கேயே கேட்க அதிகாரம் அளித்து, கைதானவர் இருக்குமிடத்தைக் குடும்பத்துக்கு அவர்களுடைய மொழியில் எழுத்திலே அறிவிக்கும் கடமையைக் கைதுசெய்தவர் மீது சுமத்தி, ஒரு மாதக் கணக்கை அவ்வறிவிப்புக் கையிற் கிடைத்த நாளிலிருந்தே தொடங்குதல் கடினமான சீர்திருத்தமன்று. பயங்கரவாதத்தைத் தடுக்கும் எந்த அதிகாரத்தையும் அது அரசிடமிருந்து பறிக்காது.