குலையும் தாரும்

தங்கை மகளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்து நாலு வருடம். இந்தச் சித்திரையில்தான் போய்ப் பார்க்க வாய்த்தது. மொட்டை மாடியில் சம்பந்தியம்மா தோட்டம் வைத்திருக்கிறார். நடுவில், பாதியாக அறுத்த நீல ட்ரம்மில், என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு வாழை. பூ நிலத்தைப் பார்த்துத் தொங்காமல் வானத்தைப் பார்த்து நின்றது. மடல்கள் ரோஸ் நிறம். அதே நிறத்தில், பூனைமயிர் படர்ந்த குட்டிக் குட்டிக் காய்கள். இரண்டு பழுத்து, யாரும் தொடாமலே தோல் உரிந்து, கறுப்பு விதையைக் காட்டிக்கொண்டிருந்தன.

"அழகு வாழை, அண்ணா. அசாம் பக்கத்து ஜாதி. உங்க ஊர்ல பனைமரம்தானே? அழகுக்குன்னு வாழை வைக்கிற பழக்கமெல்லாம் இருக்காதுல்ல?"

கேட்டது நீர்வேலிக்காரனிடம். யாழ்ப்பாணத்தில் வாழைக்குலை என்றால் நீர்வேலி என்பார்கள். சம்பந்தி வீடு என்பதால் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வளவில் வாழைக்கு இடம் கிணற்றடி. குளிக்கிற தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைப்பாத்திக்குள் விழும். அடுப்புச் சாம்பலும் ஆட்டெருவும் அதன் காலடிக்கே போகும். வாழை சாம்பல்சத்தைக் கணக்கில்லாமல் இழுக்கும் பயிர் என்பதைப் படித்தவர்கள் சொல்வதற்கு முன்பே அம்மா சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தா. ஆனால் ஒரு செவ்வாழையை மட்டும் படலைக்குப் பக்கத்தில், விறாந்தையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்திருந்தா. குலை வர ஒன்றரை வருடம்கூட எடுக்கும். அதற்காக யாரும் காத்திருந்ததில்லை. காலை வெயில் படும்போது அந்தத் தண்டின் நிறத்தைப் பார்ப்பதற்குத்தான் அது. அதை நாங்கள் அழகு வாழை என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பராமரிப்பில் எங்களுக்கு எதிரி சோளகக் காற்று. வைகாசியில் தொடங்கினால் இலையைச் சீப்பாகக் கிழித்துவிடும். அதனால் செவ்வாழைக்குத் தென்மேற்கே வேலியை உயர்த்தி, கிடுகு கட்டி மறைப்போம். சுண்ணாம்புக்கல் பூமியின் தண்ணீர் வேறு. உவர் ஏறினால் இலை விளிம்பு கருகும். மாடித் தோட்டக்காரருக்கு வேறு கவலை. சம்பந்தியம்மா மதிய வெயிலுக்குப் பச்சை வலை கட்டுகிறார். ட்ரம்மின் அடியில் துளை போட்டு, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து, மாதம் ஒருமுறை வேப்பம் புண்ணாக்கு வைக்கிறார். பிழை சொல்ல முடியாத கைப்பக்குவம். ஆனாலும் ட்ரம்முக்குள் நிற்கிற வாழை எனக்குக் கூட்டுக்குள் நிற்கிற மயில் மாதிரித்தான் தெரிந்தது.

சொற்களில்தான் நான் சொக்கிப் போனேன். நாங்கள் குலை என்பதை அவர்கள் தார் என்கிறார்கள். எங்கள் வாழைப்பொத்தி அங்கே வெறும் வாழைப்பூ. எங்கள் குட்டி அவர்களுக்குக் கன்று. அதிலும் ஒல்லி இலையோடு வருவது ஈட்டிக்கன்று, அகல இலையோடு வருவது நீர்க்கன்று. நடுவதற்கு ஈட்டிக்கன்றுதான் நல்லது. இந்தப் பிரிவு எங்கள் பேச்சில் இல்லை. இந்த ஒரு இடத்தில் பொறாமைப்பட்டேன். கொழும்புக் கடையில் கோழிக்கூடு என்று வாங்குவதும் அவர்களின் ரஸ்தாளியும் ஒரே இனம் என்று மருமகன் சொன்னான். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் திருச்சியில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளையோடு வாதாட முடியுமா? பூவன், மொந்தன், கற்பூரவள்ளி, விருப்பாச்சி என்று அவன் அடுக்க, நான் கதலி, இதரை, கப்பல் என்று மூன்றோடு நின்றேன். ஒன்பது நாளில் நான் பார்த்தது ஒரு மாடியும் காந்தி மார்க்கெட்டும்தான். தொட்டியத்துத் தோட்டங்களை பஸ் ஜன்னலால் கண்டேன்.

கலியாண வாசலுக்கு வாழை கட்டுவது இரு பக்கமும் உண்டு. அங்கே பந்தல்காரரே கொண்டுவந்து இறக்குகிறார். எங்களிடம் அயலவர் வளவில் கேட்டு, குலையோடு வெட்டி, ஆறு பேர் தோளில் வரும். வெட்டக் கொடுத்தவருக்கு முதல் பந்தியில் இடம்.

அந்தப் படலைச் செவ்வாழைக்கு ஒரு கதை உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த சித்திரையில் திரும்பினால் கூரையில் பாதி இல்லை, கிணற்றில் வாளி இல்லை. ஆறு மாதம் குட்டி விலக்க ஆளில்லாமல் செவ்வாழை பதினான்காகப் பெருத்து, படலையை மூடி நின்றது. அம்மா வீட்டுக்குள் போக முதல் கத்தி தேடினா.

புறப்படும் நாளில் சம்பந்தியம்மா ஒரு கன்றை ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்றேன். விடுவார்கள் என்றாலும் கொண்டுவந்திருக்க மாட்டேன். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழையை அழித்த முடிக்கொத்து நோய், 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குப் போனது என்றுதான் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குட்டியோடும் அசுவினியோடும் பரவுகிற வியாதி. இதை அவரிடம் சொல்லவில்லை. பனைமரம் என்றவரிடம் இதையும் எதற்குக் கொடுப்பான்?

வந்த மூன்றாம் மாதம் படலைச் செவ்வாழை பொத்தி தள்ளியது. படம் எடுத்து அனுப்பினேன்.

"அடடே, தார் போட்டிருச்சா அண்ணா!" என்று பதில் வந்தது.

"ஓம், குலை வந்திட்டுது" என்று எழுதினேன்.