சதுர அடிக் காதல்

மும்பைப் படங்களில் காதலுக்கு முதல் எதிரி சதுர அடி. 1972இல் பாசு சட்டர்ஜி எடுத்த ‘பியா கா கர்’ அதை வேடிக்கையாக்கியது: கூட்டுக்குடும்பம் நெருக்கியடிக்கும் வீட்டில் புதுமணத் தம்பதிக்குத் தனித்திருக்க ஓரிடமில்லை. 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ அதே நெருக்கடியைச் சிரிக்காமல் பார்க்கிறது.

பிரபாவும் அனுவும் ஒரே வீட்டில் குடியிருக்கும் மலையாள நர்ஸ்கள். பிரபாவின் கணவன் கல்யாணமான கையோடு ஜெர்மனி போனவன். இப்போது ஃபோன்கூட வருவதில்லை. ஒருநாள் ஜெர்மனியில் செய்த ரைஸ் குக்கர் ஒன்று பார்சலில் வருகிறது. இரவில் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்கிறாள் பிரபா. சொல்லும்போது கேலியாகத் தோன்றும். பிரபாவாக நடிக்கும் கனி குஸ்ருதி செய்யும்போது தோன்றாது. தொடுதலுக்கு ஏங்கும் உடம்பைக் காட்ட இன்னோர் உடம்பு தேவையில்லை என்று தெரிந்தவர் கபாடியா.

பொருளில் ஆசையை ஏற்றும் இந்த உத்தி ரிதேஷ் பத்ராவின் ‘த லஞ்ச்பாக்ஸ்’ (2013) படத்திலும் உண்டு. ஆள் மாறிப்போன சாப்பாட்டு டப்பா வழியே இலாவும் சாஜன் ஃபெர்னாண்டஸும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த டப்பா ஆசையைச் சலவையும் செய்துவிடுகிறது. காமம் கறியின் ருசியாகிவிட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். இலாவைச் சந்திக்க உணவகம் வரை வந்த வயதான சாஜன் அவளிடம் பேசாமலே திரும்புவது முதுமையைப் பற்றிய கூர்மையான இடம்தான். படத்துக்கும் அது வசதியாகப் போயிற்று.

கபாடியா அப்படி ஒதுங்குவதில்லை. முஸ்லிம் காதலன் ஷியாஸின் வீட்டுக்குப் போவதற்காகவே அனு பர்தா வாங்குகிறாள். மழையில் ரயில் ரத்தாகி, வெளியூர் போகவிருந்த அவன் வீட்டார் வீட்டிலேயே தங்கிவிட, அந்த இரவு கைநழுவுகிறது. ஓர் அணைப்புக்குக் குறுக்கே மதமும் மழையும் ரயில்வேயும் சேர்ந்து நிற்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட முடிகிறது!

என் மனத்தாங்கல் பிற்பாதியில். பில்டரிடம் வீட்டை இழந்த ஆஸ்பத்திரி சமையல்காரி பார்வதி ரத்னகிரிப் பக்கத்துக் கடலோர ஊருக்குத் திரும்ப, பிரபாவும் அனுவும் துணைக்குப் போகிறார்கள். கடலில் மூழ்கிப் பிழைத்தவனிடம் பிரபா தன் கணவனைக் காண்கிறாள். கற்பனை என்பதால் அது நிற்கிறது. அனுவுக்கும் அங்கே வந்து சேரும் ஷியாஸுக்கும் காட்டில் கிடைக்கும் தனிமைதான் உறுத்துகிறது. நாலு பேர் கண்ணில் படாமல் வேற்று மதத்து ஜோடி அங்கே சுற்றிவரலாம் என்பதை நகரத்துக் கேமராதான் நம்பும். அனுவுக்குச் சொந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை போட்டோக்களாக வந்துகொண்டிருப்பதைக் காட்டியதும் இதே படம். ஊர் எதையெல்லாம் கண்காணிக்கும் என்று அதற்குத் தெரியும். மும்பை கொடுத்த சிக்கலை மும்பையிலேயே வைத்துப் பார்க்கும் துணிவு இங்கே தளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பார்வதியும் தனியாக இருப்பவள்தான், கணவனை இழந்தவள். இளையவர்கள் இருவரின் ஏக்கத்தையும் அத்தனை பொறுமையாகக் கேட்ட படம், அவளிடம் வீட்டுப் பத்திரத்தைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறது.