கண்ணாடிச் சிகிச்சைக்கு ஓர் உரைகல்

நரம்புவலிக்கு இயன்முறை மருத்துவம் கையாளும் உத்திகளில் கண்ணாடிச் சிகிச்சை அளவுக்குக் கருத்தழகு உடையது வேறில்லை. அந்த அழகே அதன் மதிப்பீட்டையும் கெடுத்துவிட்டது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், டயான் ராஜர்ஸ்-ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து தொடங்குவதுதான் முறை. கை இழந்தவர் மிஞ்சிய கையைக் கண்ணாடி முன் அசைக்கிறார். இழந்த கை இருந்த இடத்தில் பிம்பம் அசைகிறது. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு இழுத்துப்பிடிக்கும் வலி ஐவருக்கு இருந்தது. கண்ணாடியில் கை விரிந்ததும் நால்வருக்கு அந்தப் பிடிப்பு விட்டது. வலித்தணிவு பற்றிக் கட்டுரை உரிமை கோரியதும் அவ்வளவே. பிற்காலப் பேச்சில் ‘பிடிப்பு’ என்ற வரையறை உதிர்ந்து, ‘இழந்த உறுப்பின் வலி’ என்ற பொதுப்பெயர் நின்றுவிட்டது. எரிச்சல், ஊசிக்குத்தல், மின்னதிர்ச்சி எல்லாம் அதற்குள் அடங்கின. 2008இல் சுமிதானி குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள்: உறுப்பின் நிலையையும் அசைவையும் ஒட்டிய ஆழ்ந்த வலி நன்றாகவே தணிந்தது, தோல்மட்ட வலி அந்த அளவுக்குத் தணியவில்லை. முதல் கட்டுரையைக் கவனமாகப் படித்தவருக்கு இதில் வியப்பில்லை.

முறையியல் நோக்கில் உச்சம், வாஷிங்டனின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் நடந்து 2007இல் வெளியான சோதனை. காலோ பாதமோ இழந்தவர்கள் மூன்று குழுக்கள்: ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, ஒன்றுக்கு மனக்கற்பனை மட்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். அந்த மூடிய கண்ணாடியை மனமாரப் பாராட்ட வேண்டும். உழைப்பு, நேரம், கவனிப்பு எல்லாவற்றையும் சமமாக்கி, பிம்பத்தை மட்டும் நீக்குகிறது; பிசியோதெரபி ஆய்வில் இவ்வளவு கூர்மையான ஒப்பீட்டுக் குழு அரிது. கண்ணாடிக் குழுவின் ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்குத்தான். ஆனால் குழுவுக்கு ஆறு பேர்! தனக்குக் கிடைப்பது எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மறைவில்லை. கூரிய கேள்விதான்; ஆறு பேரை வைத்துத் தந்த பதிலோ அந்தக் கேள்வியின் கனத்தைத் தாங்காது.

விளக்கம் இன்னும் பலவீனம். உறுப்பு போனதும் மூளையின் வரைபடம் குலைகிறது, அந்தக் குலைவே வலி, கண்ணாடி அதைச் சீராக்குகிறது என்பது வழக்கமான உரை. குலைவும் வலியும் சேர்ந்தே கூடுகின்றன என்று 1995இல் ஃப்ளோர் குழு காட்டியது அதற்கு ஊன்றுகோல். 2013இல் மாக்கின் குழு நேர் எதிரானதைக் கண்டது: கைக்குரிய மூளைப்பகுதி எவ்வளவு அப்படியே இருக்கிறதோ, அவ்வளவுக்கு வலி மிகுதி. சிகிச்சை பலிப்பதால் விளக்கம் மெய்யாகிவிடாது. பழைய வரைபடக் கதையை இன்னும் நோயாளியிடம் ஒப்பிப்பது சோம்பல் என்பேன்.

சி.ஆர்.பி.எஸ். எனும் சிக்கலான வட்டார வலி நோய்க்குறியில் காலம் ஒரு நிபந்தனை. 2003இல் மக்கேப் குழு எட்டே பேரிடம் பார்த்தது: நோய் தொடங்கிய புதிதில் வலி தணிந்தது, இரண்டாண்டு கடந்தவர்களுக்குப் பலனில்லை. மோஸ்லி இதற்கு வரிசை என்ற ஒழுங்கைச் சேர்த்தார். கைப் படத்தை இடமா வலமா என்று அறிவது, அசைவைக் கற்பனை செய்வது, கண்ணாடி கடைசியில். அவருடைய 2004 முடிவுகள் நல்லவை. அதே முறையை பிரிட்டனில் இரண்டு மையங்கள் அன்றாட மருத்துவத்தில் கையாண்டபோது வலி குறையவில்லை என்ற பதிவு 2012இல் வந்தது. ஆய்வுக்கூட வெற்றி வார்டுக்குள் நுழையும்போது கரைவது இத்துறைக்குப் புதிதல்ல.

சான்று உண்மையில் திரண்டிருப்பது வேறிடத்தில். பக்கவாதத்துக்குப் பிந்தைய கண்ணாடிப் பயிற்சி குறித்த 2018 காக்ரேன் மறுஆய்வு 62 ஆய்வுகளையும் 1982 பேரையும் தொகுத்தது. கையசைவிலும் அன்றாடச் செயல்களிலும் முன்னேற்றத்துக்கு மிதமான தரச் சான்று உண்டு. வலிக்கோ தாழ்ந்த தரமே.

ஆக, வலிதீர்க்கும் முறையாகப் புகழ்பெற்றது, அசைவை மீட்கும் துணைப்பயிற்சியாகவே தேர்ச்சி பெறுகிறது. வலிக்கு அதை அடியோடு தள்ளவும் மாட்டேன். செலவு ஒரு கண்ணாடிதான். சிலருக்கு வரும் தலைச்சுற்றலையும் மனக்கலக்கத்தையும் முதல் அமர்விலேயே கண்டுகொள்ளலாம். பிடிப்பு வலியா, எரிச்சல் வலியா என்று கேட்டறிந்து, 2007 சோதனையின் நான்கு வாரத்தையே எல்லையாக வைத்து, மாற்றம் இல்லையேல் நிறுத்தும் பிசியோதெரபிஸ்டின் கையில் அது நியாயமான சிகிச்சை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே எல்லோரையும் கண்ணாடி முன் உட்கார வைப்பவரிடம் அது வெறும் சடங்கு.